எட்டு ஊட்டு யூனிட்டு

நெத்தியவே பாக்காதீங் அம்மிணி, அது ஆறிப்போச்சு. கொழாயடியில உழுந்த அடி. ஏழு தையலு. அதையும் சொல்றேன், மொதல்ல உக்காருங். நீங்க டிரஸ்டுலருந்துதானுங் வர்றீங்க? மீட்டரு பாக்க இன்னைக்கு வருவீங்கன்னு ஃபோனு வந்துச்சு. நான் ராமாத்தா. இந்த லைனு வீட்டுக்கு நாந்தான் பொறுப்பு. ஆரும் என்னைப் பொறுப்பாப் போடல, நானே எடுத்துக்கிட்டேன். மோரு குடிக்கறீங்களா? சும்மா குடிங்க, கறிவேப்பலை நம்ம டப்பாவுல வெளைஞ்சதுதான்.

எட்டு ஊடுங். எட்டுலயும் பனியன் கம்பெனி ஆளுக. கரண்டு சர்வீஸ் ஒண்ணே ஒண்ணுதான், அது ஊட்டுக்காரர் பேர்ல இருக்குது. எங்களுக்கெல்லாம் வாசக்கதவு ஓரத்துல ஆளுக்கொரு சப் மீட்டரு. கவுருமென்ட்டு இனாமாக் குடுக்கற யூனிட்டு எல்லாம் அந்த ஒத்த சர்வீஸோட போச்சு, எங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. அவரு வெச்சதுதான் ரேட்டு. ஏனுங்கன்னு கேட்டா, புடிக்கலைன்னா காலி பண்ணிக்கம்மாம்பாரு.

போன தைல உங்காளு ஒருத்தரு வந்தாருல்லங், கண்ணாடி போட்ட தம்பி. இதே எடத்துல உக்காந்து இதே மோரத்தான் குடிச்சாரு. கோடை முடியறதுக்குள்ள லைனு மொத்தமும் கரண்டைக் கொறைச்சுக் காட்டுங்க, கூரை மேல சோலார் பேனலு இனாமாப் போட்டுத் தர்றோம்னு சொன்னாரு. ஆனா எட்டு ஊடும் கொறைக்கோணும், ஒரு ஊடு எச்சா எடுத்தாலும் ஆருக்கும் கெடையாதுன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொல்லிப்போட்டு வண்டியெடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் இங்க உழுந்த அடியெல்லாம் அவருக்கு எங்க தெரியப்போவுது?

எனக்கு அந்தப் பேனலு வேணுங். எம்பட புருசன் செத்த வருசம் கரண்டுக் காசு கட்ட முடியாம நின்னேன். அப்ப இருந்த ஓனரு கொறடு கொண்டாந்து ஒயரை வெட்டிப்போட்டான். சித்திரை வெயிலு, சிமெண்ட் சீட்டுக் கூரை, புள்ளைக்கு ஒடம்பெல்லாம் கொப்புளம். கதறுனேன், ஒரு நாயி எட்டிப் பாக்கல. அன்னைக்கு நெனச்சேன், ஒருத்தன் ஒயரை வெட்டுனா நம்ம உசுரு போற மாதிரி இனிப் பொழைக்கக் கூடாதுன்னு. சூரியனுக்கு எவன் பில்லு போடுவான் சொல்லுங்? அந்தப் பேனலைக் கூரையில பாத்துட்டுத்தான் நான் கண்ண மூடுவேன்.

அதுக்காக என்னென்ன பண்ணிருக்கறோம்னு வர்ற வழியில பாத்திருப்பீங்க. சமையக்கட்டுக் கழிவெல்லாம் அந்த நீல ட்ரம்முல போட்டு மக்க உடறோம். பெயிண்ட் டப்பாவுல கீரை, தக்காளி, மொளகா. காய் வாங்கற செலவு பாதியாப் போச்சு. துவைக்கற தண்ணி வாழைக்குப் போவுது. ஒருத்தி அடுப்புல மூணு ஊட்டுக்கு இட்லி வேகும். கேஸும் மிச்சம், வம்பு பேசறதுக்கும் ஆச்சு. கூரை மேல நனைச்ச சாக்கு. அதெல்லாம் ஒரே வாரத்துல பழக்கிப்போட்டேன். கரண்டுதான் அம்மிணி வழிக்கு வரல.

என்ன பண்ணுனேன் தெரியுமுங்களா? காலைல தண்ணி வர்றப்ப எட்டு ஊட்டாளும் கொழாயடியிலதான் இருப்பாங்க. நான் அதுக்கு முன்னாலயே எட்டு மீட்டரையும் பாத்துப்போட்டு வந்து நடுவுல நின்னு சத்தமாச் சொல்லுவேன். "மூணாவது ஊடு நேத்து ரெண்டு யூனிட்டு எச்சு! ஏண்டி, மாமியாளுக்கு ஏசி வாங்கி மாட்டிருக்கறயா?" அப்படி. மானம் போனாத்தான் மனுசங்க கட்டுக்கு வர்றாங்க.

மூணாவது ஊட்டுக்காரி சரசா. வாயாடி. ஒரு நாளு, ரெண்டு நாளு பொறுத்தா. மூணாம் நாளு தண்ணி ரொம்புன எவர்சில்வர் கொடத்தைத் தூக்கி என்ற நெத்தியில ஒரே போடு. இதா, இதுதான் அது. ரத்தம் கண்ணுல எறங்குது, எனக்கு ஒண்ணுமே தெரியல. சும்மா உட்டனா? கொண்டையைப் புடிச்சுக் கொழாய்க் கம்பியில ரெண்டு இடி இடிச்சேன். முன்பல்லு ஒண்ணு சாக்கடையில போயி உழுந்துது. நாலு பேரு சேந்து பிரிக்க வேண்டியதாப் போச்சு. ஆனா பாருங், அன்னைலருந்து அவ மிக்சியத் தொடல. அம்மியிலதான் அரைக்கறா. சட்னியும் ருசியா இருக்குது.

ஏழாவது ஊடு பேச்சலரு பசங்க. ராடு போட்டுச் சுடுதண்ணி காய வெச்சுக் குளிக்கறானுங்க, இந்த வெயில்ல! என்னடான்னா மேலு வலிக்குதுங்க்காங்கறானுங்க. அருவாளை எடுத்துக்கிட்டுப் போயி ஒயரோட சேத்து ஒரே வெட்டு. கரண்டு இருக்குதுன்னு கோவத்துல மறந்துபோச்சு. தூக்கி அடிச்சுதுங், செவுத்துல போயி மோதிக் கீழ கெடக்கறேன், பசங்க அக்கா செத்துப்போச்சுடான்னு கத்தறானுங்க. கண்ணைத் தெறந்ததும் நான் கேட்டது, ராடு நின்னுச்சாடான்னுதான். எந்திரிச்சு அருவாக் காம்பால ஆளுக்கு ரெண்டு முதுகுல வெச்சேன். இப்பப் பச்சத்தண்ணியிலதான் குளிக்கறானுங்க.

அப்புறம் ஆம்பளைகளுக்கும் ஒரு அக்கறை வந்துருச்சு. அதைத்தான் நான் பெருசாச் சொல்லுவேன். நாலாவது ஊட்டுக்காரன், சீரியலு பாத்தான்னு பொண்டாட்டிய டிவியோட சேத்து வெளிய தள்ளிப்போட்டான். டிவி சில்லுச் சில்லாப் போச்சு. அவளுக்கு முட்டி பேந்து நொண்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போறா. அந்த ஊடு அப்படியே பாதியாக் கொறஞ்சுபோச்சுங். எட்டாவது ஊட்டுல அண்ணந்தம்பி ரெண்டு பேரும் ஒருத்தன் சட்டைய ஒருத்தன் கிழிச்சுக்கிட்டானுங்க, ஃபேனை ஆரு அணைக்காமப் போனதுன்னு. முந்தியெல்லாம் ஆராச்சும் இதைப் பத்தி யோசிச்சிருப்பாங்களா? ஒரு விழிப்புணர்வு வந்துருச்சுல்லங்.

அட, எழுதறத நிறுத்திப்போட்டீங்க? எழுதுங், எழுதுங்.

எல்லாம் வழிக்கு வர்ற நேரத்துலதான் அஞ்சாவது ஊடு ஏற ஆரம்பிச்சுது. அங்க இருக்கறது துரைக்கண்ணுன்னு ஒரு கட்டிங் மாஸ்டரு. மருவாதையான ஆளுங். என்னைப் பாத்தா, "அக்கா, சாப்டீங்களா"ன்னு கேக்காமத் தாண்ட மாட்டான். பொண்டாட்டி வாசுகி. மன்னார்குடிப் பக்கத்துப் புள்ள, ஊருல ஆத்தா ஒருத்திதான். வாயத் தெறக்க மாட்டா. கையில கன்னத்துல காயத்தோட வருவா, என்னடின்னா, "வழுக்கி விழுந்துட்டேன்க்கா"ம்பா. எப்பப் பாத்தாலும் வழுக்கும் அவளுக்கு. பாத்ரூமு பாசி புடிச்சுக் கெடக்குதாட்ட இருக்குதுன்னு நானே பிளீச்சிங் பவுடரு வாங்கிக் குடுத்தேன். அப்பவும் வழுக்கிக்கிட்டேதான் இருந்துச்சு.

அந்த ஊட்டுல பகல்ல அவ ஒருத்திதான். அப்புறம் எப்படி ஏறுது? ஒரு நாளு மத்தியானம் போயிக் கதவுல காதை வெச்சுக் கேட்டேன். டர்ருன்னு சத்தம். கதவத் தள்ளுனா, மோட்டாரு தையல் மிஷினு! கம்பெனிக் கட்பீஸை வாங்கிட்டு வந்து நைட்டியாத் தெச்சுக்கிட்டிருக்கறா. கட்டுலுக்கு அடியில அடுக்கி வெச்சுச் சாக்குப் போட்டு மூடியிருக்குது. என்னைப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துப்போச்சு அவளுக்கு.

"அக்கா, அவருக்குத் தெரிய வேண்டாம்க்கா"ன்னு காலைப் புடிச்சுக்கிட்டா.

"எதுக்குடி உனக்குக் காசு? புருசன் சம்பாரிக்கறான், புள்ள குட்டியும் இல்ல."

"ஊருக்குப் போகணும்க்கா."

"போயிட்டு வர என்னடி பெருசா ஆயிரப்போவுது?"

"வர்றதுக்கு வேணாம்க்கா. போறதுக்கும், அங்க போயி ஒரு மிஷினு வாங்கறதுக்கும் இருந்தாப் போதும்"கறா.

அதென்ன கணக்கோ, எனக்குப் புரியல அம்மிணி. திரும்பி வர பஸ்சுக்கு ஆரு குடுப்பா? சரி, படிக்காத புள்ள, ரோசனை அவ்வளவுதான்னு உட்டுட்டேன். எச்சா ஆகற கரண்டுக்கு ரெண்டு மடங்காக் குடுத்துடறேன்னா. எனக்கு வந்துச்சு பாருங் கோவம். காசு குடுத்தா ஓடுன யூனிட்டு திரும்பி வருமாடின்னு கேட்டேன். கால்ல மிதிக்கற மிஷினு இருக்குதுல்ல, அதுல தைன்னேன். கால்ல பலமில்லக்கான்னா. வழுக்கி உழுந்ததுல சரியாகலையாம். இன்னும் கொஞ்ச நாள்தான்க்கா, வாயத் தெறக்காதீங்கக்கான்னு அழுதா. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. கல்லு நெஞ்சுக்காரின்னு நெனச்சுக்காதீங். ஒரு நாளு பொறுத்தேன். ரெண்டு நாளு பொறுத்தேன். மீட்டரு பொறுக்கலையே!

அடுத்த நாளு கொழாயடியில சொல்லிப்போட்டேன். "அஞ்சாவது ஊடு மூணு யூனிட்டு எச்சு!"

துரைக்கண்ணு வாயில பிரெஷ்ஷோட நின்னுக்கிட்டிருந்தான். "எங்க ஊடாக்கா? பகல்ல ஒருத்திக்கு அப்படி என்னக்கா ஓடும்?"ன்னான்.

"மிஷினு ஓடுதப்பா. மோட்டாரு மிஷினு."

கேட்டான், சொன்னேன். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லீங். அவன் கோவப்படவே இல்ல. நல்லா வாயைக் கொப்புளிச்சான். பிரெஷ்ஷைக் கழுவி உதறுனான். துண்டுல மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டான். எவ்வளவு பொறுமையான மனுசன்னு நானே நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் சத்தம் கேட்டுச்சு. மொதல்ல சாமானமெல்லாம் உழுந்துது. அப்புறம் அறையிற சத்தம், துணி துவைக்கற மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு. அவ ஆத்தான்னு கத்துனா. நாங்க கொடத்தோட நிக்கறோம், தண்ணி பாட்டுக்கு வழிஞ்சு ஓடுது, ஒருத்தி கொழாய அடைக்கல. நாந்தான் போயி அடைச்சேன். அப்பத்தான் அந்த அலறலு வந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்.

சரசா ஓடிப் போயிக் கதவ ஒதைச்சுத் தெறந்தா. பின்னாலயே நானும் போனேன். வாசுகி கையத் தரையில வெச்சு அமுத்திக்கிட்டு, மிஷினு தலை இருக்குதுல்லங், அந்த இரும்பு, அதைத் தூக்கி மேல போட்டிருக்கறான். ஒரு தடவை இல்ல. வெரலெல்லாம் எந்தப் பக்கம் பாக்குதுன்னே தெரியல. நைட்டித் துணியெல்லாம் ரத்தம். அவன் கட்டுல்ல உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டிருக்கறான். சரசா அவன் சட்டையப் புடிச்சு மாறி மாறி மூஞ்சியிலயே அறையறா, வாசுகி ஒரு பக்கம் ஒப்பாரி.

நான் என்ன பண்ணுனேன் கேளுங். பட்டப் பகல்ல லைட்டு எரியுது. ஃபேனு ஆளில்லாத பக்கம் சுத்திக்கிட்டிருக்குது. அவளைத் தாண்டிப் போயி ரெண்டையும் அணைச்சேன். சண்டை சச்சரவுல அதையெல்லாம் ஆரு பாப்பாங்க? நாந்தான் பாக்கோணும்.

பெரியாஸ்பத்திரிக்குச் சரசாதான் ஆட்டோ வெச்சுக் கூட்டிப் போனா. கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. வெரலு இனி முன்ன மாதிரி மடங்காதுன்னாங்களாம். சரசா போலீசுக்குப் போறேன்னு குதிச்சா. நான் கேட்டை மறிச்சு நின்னேன். போலீசு வந்தா ஊட்டுக்காரரு லைனையே காலி பண்ணச் சொல்லிருவாருடி, அப்புறம் பேனலு எங்க மாட்டுவாங்க, உன்ற தலையிலயான்னு கேட்டேன். நியாயந்தானுங்? மத்தவங்களும் கொடத்தை எடுத்துக்கிட்டு அவங்கவங்க ஊட்டுக்குப் போயிட்டாங்க. வாசுகியே டாக்டருகிட்ட மிஷினு தவறி உழுந்துருச்சுன்னுதான் சொல்லியிருக்கறா. வெவரமான புள்ள.

இதுலயும் ஒரு நல்லது நடந்துச்சு அம்மிணி. துரைக்கண்ணு எங்கிட்ட வந்து, "அக்கா, இனி எங்க ஊட்டால லைனுக்கு ஒரு கெட்ட பேரும் வராது"ன்னான். சொன்னபடி செஞ்சான் பாருங். காலைல வேலைக்குக் கெளம்பறப்ப மீட்டருக்குக் கீழ இருக்கற ஃபியூஸ் கட்டையப் புடுங்கிச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்குவான். கதவ வெளிய பூட்டிச் சாவியும் கையோட எடுத்துக்குவான். கட்டுப் போட்ட கையோட எங்கயாச்சும் போயி வழுக்கி உழுந்துட்டா ஆரு பாக்கறதுன்னு அவ நல்லதுக்குத்தான். கொல்லைப்பக்கச் சன்னலுக்கும் தகரம் அடிச்சுட்டான். உள்ள ஒரு கொடம் தண்ணி வெச்சுட்டுத்தானுங் போறான். மீட்டரு அன்னைலருந்து அசையறதே இல்ல.

கொழாயடியில சொன்னேன், வாசுகியப் பாத்துக் கத்துக்கங்கடின்னு. மொதத் தடவையா அவளைப் பாராட்டுனேன், கையும் தட்டுனேன். ஒருத்தி சேந்து தட்டல. சரசா என்ற காலு கிட்டக் காறித் துப்பிப்போட்டுப் போனா. டிரஸ்டுக்காரங்க வரட்டும், அவங்ககிட்டச் சொல்லிக்கறேன்னாளாம். இன்னைக்கு அதுக்குன்னே லீவு போட்டுட்டு உக்காந்திருக்கறா. பொறாமை, வேற என்ன?

எந்திரிச்சுட்டீங்க? மீட்டரு பாக்கோணுமா? வாங்க, வாங்க, நானே காட்டறேன். இது ஒண்ணாவது. இது ரெண்டு, பாருங், எப்படிக் கொறைச்சிருக்கறோம். அம்மிணி, மெதுவாப் போங்க, கோழி கெடக்குது. மூணு, நாலெல்லாம் பாக்காம எங்க போறீங்க?

ஆமாங், இதுதான் அஞ்சாவது ஊடு. உள்ளதான் இருக்கறா. நேத்தெல்லாம் கதவத் தட்டிக்கிட்டே இருந்தா. இன்னைக்குக் காலைலயும் தட்டுனா, அக்கா அக்கான்னா. மத்தியானத்துக்கு மேல சத்தமில்ல, ஒறங்கறாளாட்ட இருக்குது. நீங்க எதுக்குங் தட்டறீங்க? இருங், நான் கூப்புடறேன். வாசுகி! ஏ வாசுகி! டிரஸ்டுலருந்து வந்திருக்கறாங்க, ஒரு சத்தம் குடுடி. பாத்தீங்களா, நல்ல ஒறக்கம்.

ஆருக்குங் ஃபோனு பண்றீங்க? அம்மிணி, அந்தக் கல்லைக் கீழ போடுங். சரசா, நீ எதுக்குடி கடப்பாறையோட வர்றே? வேண்டாம்டி, அவன் வந்தா என்னைத்தான் கேப்பான். பூட்டு புதுப் பூட்டு! அய்யோ, ஒடைச்சுப்போட்டாளே. சரி, உள்ள போறதுக்கு முன்னால அந்த மீட்டரை மட்டும் ஒருக்காப் பாத்துக்கங்...

யப்பா. என்ன அனலுங் இது. அடுப்புக்குள்ள மூஞ்சிய உட்ட மாதிரி.

வாசுகி. ஏ புள்ள. தரையில எதுக்குடி படுத்திருக்கறே, கட்டுலு இருக்குதுல்ல? கண்ணு பாதி தெறந்திருக்குதே அம்மிணி. மேலு கொதிக்குதுங், கைய வெக்க முடியல. கொடம் கவுந்து கெடக்குது. கட்டுப் போட்ட கையில எடுக்கப் பாத்திருக்கறா, பாவி. தண்ணி கொண்டாங்க ஆராச்சும்! வாசுகி, என்னைப் பாருடி, அக்காடி, ராமாத்தாடி. மூச்சு வருதுங்களா? வருதுங்களா இல்லீங்களா, சொல்லுங்!

ஃபேனைப் போடு சரசா! அய்யோ, கட்டைய அவன் பாக்கெட்டுல வெச்சிருக்கறானே. ஓடுடி, என்ற ஊட்டு ஃபியூஸ் கட்டையப் புடுங்கிட்டு வந்து இங்க சொருகு. நான் இருட்டுல கெடந்துக்கறேன், ஓடு! ஆங், சுத்துது, சுத்துது. நல்லா வெச்சு உடு. மூஞ்சிக்கு நேரா வரட்டும்.

அம்மிணி... இந்த ஓடற யூனிட்டை மட்டும் எங்க லைனு கணக்குல எழுதிப்போடாதீங்.